கோஷர் வீட்டுக்கு மொத்தக் கடை: எதை அங்கே வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

மிடில்செக்ஸ்_மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் மிடில்செக்ஸ் கவுண்டியில் இருக்கிறேன். கணவர் யூதர். கல்யாணத்துக்கு முன்பே நானும் யூத மதத்துக்கு மாறிவிட்டேன். வீடு முழுக்க கோஷர், அதாவது யூத உணவு விதிப்படிதான் சமையல். பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது. பால் சமையலுக்கு ஒரு செட் பாத்திரம், இறைச்சிக்கு இன்னொரு செட், சிங்க் கூட இரண்டு. மாமியார், மூன்று பிள்ளைகள், நாங்கள் இருவர் என ஆறு பேர். ஷப்பாத் (சனிக்கிழமை ஓய்வுநாள்) சாப்பாட்டுக்கு விருந்தாளி இல்லாத வாரம் குறைவு.

இதுவரை எல்லாமே கோஷர் மளிகைக் கடையில்தான். விலைவாசி போகிற போக்கில் இனி தாங்காது என்று பேஸ்மெண்டில் தனி ஃப்ரீசர் வாங்கிப் போட்டிருக்கிறோம். வருஷச் சந்தா கட்டி மொத்தமாக வாங்கும் கடைகளான காஸ்ட்கோ, பிஜேஸ், சாம்ஸ் கிளப் மூன்றில் ஏதாவது ஒன்றில் உறுப்பினர் அட்டை எடுக்கலாம் என்று யோசனை. ஆனால் இணையத்தில் வரும் "கட்டாயம் வாங்க வேண்டியவை" பட்டியல்களில் பாதி எங்களுக்கு ஆகாது. ரொடிசரி சிக்கன் ஆகாது, பார்மிசான் சீஸ் ஆகாது, ஒயின் ஆகாது. மிச்சம் இருப்பதில் அட்டைக் காசு திரும்ப வருமா? கோஷர் சமையலறைக் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


லெக்சிங்டன்_சரக்கு

மன்ஹாட்டன் லெக்சிங்டன் அவென்யூவில் கோஷர் சான்றிதழ் உள்ள தென்னிந்தியச் சைவ உணவகம் ஒன்றில் சரக்கு வாங்குவது என் வேலை. மஷ்கியாக், அதாவது கோஷர் கண்காணிப்பாளர், வந்து அலமாரியில் உள்ள ஒவ்வொரு டப்பாவின் கோஷர் முத்திரையையும் பார்ப்பார். அதனால் இந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி.

என் அபிப்பிராயம் இதுதான். முத்திரையே தேவைப்படாத பொருட்களில்தான் மொத்தக் கடையின் முழு லாபமும் உங்களுக்குக் கிடைக்கும். முட்டை, சர்க்கரை, உப்பு, மைதா, அரிசி, வாசனை சேர்க்காத காபிக்கொட்டை, எண்ணெய் படாத பச்சை பாதாம், பச்சை முந்திரி, எதுவும் சேர்க்காத ஃப்ரோசன் புளூபெர்ரி, முழுப் பழங்கள், பெரும்பாலான காய்கள். இவற்றுக்கெல்லாம் கோஷர் கடையில் கூடுதல் விலை கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. பாதாமே வறுத்து வந்தால் கதை வேறு. என்ன எண்ணெயில் வறுத்தார்கள், அதே எந்திரத்தில் வேறு எது ஓடியது என்ற கேள்வி வந்துவிடும். அதற்கு முத்திரை வேண்டும்.

முட்டையைப் பெரிய அட்டையாக வாங்குங்கள். எப்படியும் ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தம்ளரில் உடைத்து ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேர்க்கப் போகிறீர்கள். புள்ளி இருந்தால் அந்த முட்டை வெளியே. கோஷர் கடை முட்டைக்கும் இதே வேலைதான்.

காய்கறியில் மட்டும் கொஞ்சம் நிதானம். மொத்தக் கடையின் பெரிய காலிஃப்ளவர், ப்ரோக்கலி, ரோமைன் கீரை எல்லாம் பார்க்க மலிவு. ஆனால் பூச்சி தின்னக் கூடாது என்பது யூத வேதமான தோராவிலேயே இருக்கும் தடை, அதில் சலுகை கிடையாது. எங்கள் சமையலறையில் காலிஃப்ளவரைச் சிறு பூவாக உடைத்து, சோப்பு கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு வெள்ளைத் தட்டின் மேல் உதறுவோம். மிளகில் கால்வாசி கூட இல்லாத கறுப்புக் கோடு ஒன்று தட்டில் விழும். அது நகர்ந்தால் முழுப் பூவையும் மறுபடி அலச வேண்டும். கறிவேப்பிலை, கொத்தமல்லிக்கும் இதேதான். இந்த உழைப்பைக் கூலியாகப் போட்டுப் பார்த்தால், பூச்சி பார்த்து முத்திரை போட்ட ஃப்ரோசன் பாக்கெட் விலை ஒன்றும் அநியாயம் இல்லை. ராஸ்பெர்ரியில் குழிக்குக் குழி பூச்சி ஒளிந்துகொள்ளும். அதை நான் வாங்குவதே இல்லை.


எடிசன்_சைவம்

நாங்கள் யூதர்கள் இல்லை, சுத்த சைவம். அமெரிக்கா வந்த நாளிலிருந்து ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது), ரென்னெட் (சீஸ் உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது) பயத்தில் கோஷர் முத்திரை பார்த்தே வாங்குகிறோம். அப்படியே இங்கே ஒரு கேள்வி. பார்வே என்று போட்டிருந்தால் சைவம் என்று எடுத்துக்கொள்ளலாமா?


லெக்சிங்டன்_சரக்கு

வேண்டாம். பார்வே என்றால் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை என்பது மட்டும்தான் பொருள். முட்டை இருக்கலாம், மீனும் இருக்கலாம். கோஷர் ஜெலட்டின் என்று போட்டிருப்பது மீனிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், கோஷர் முறையில் அறுத்த மாட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். முத்திரைக்குப் பக்கத்தில் 'டி' இருந்தால் பால் பொருள். பால் கலந்ததில் இறைச்சி இருக்காது என்ற அளவுக்கு அது உங்களுக்கு உதவும். முட்டைக்கும் மீனுக்கும் ஜெலட்டினுக்கும் உட்பொருள் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும்.

வெறும் 'கே' எழுத்து மட்டும் இருந்தால் அதற்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். தனி எழுத்தை யாரும் வணிக முத்திரையாகச் சொந்தம் கொண்டாட முடியாது, உற்பத்தியாளர் தாமாகவே அச்சடித்துக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'யூ' (ஓ-யூ), வட்டத்துக்குள் 'கே' (ஓ-கே), நட்சத்திரத்துக்குள் 'கே' (ஸ்டார்-கே), காஃப்-கே போன்றவற்றுக்குப் பின்னால் பெயர் தெரிந்த அமைப்புகள் உண்டு.


விலைச்சீட்டு

மொத்தக் கடை ஒன்றில் தளத்தில் வேலை பார்க்கிறேன். மருமகள் அக்காவுக்கு அட்டைக் கணக்கு முதலில்.

காஸ்ட்கோவில் 2024 செப்டம்பர் முதல் சாதாரண அட்டை வருஷத்துக்கு 65 டாலர், எக்ஸிக்யூட்டிவ் 130. எக்ஸிக்யூட்டிவ் அட்டைக்கு வாங்கியதில் 2 சதவீதம் திரும்ப வரும். கூடுதலாகக் கொடுக்கும் 65 டாலரை மீட்க வருஷத்துக்கு 3,250 டாலர், அதாவது மாதம் 271 டாலர் வாங்க வேண்டும். ஆறு பேர் வீட்டில் சாதாரணமாக இது தாண்டிவிடும். ஆனால் உங்கள் செலவில் பெரும்பகுதி இறைச்சி, அதை வேறு கடையில் வாங்கப் போகிறீர்கள் என்றால் தாண்டாமலும் போகலாம். முதல் வருஷம் சாதாரண அட்டை எடுங்கள். திருப்தி இல்லை என்றால் அட்டையை ரத்து செய்து கட்டணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அது அவர்கள் கொடுக்கும் உத்தரவாதம்.

பிஜேஸில் ஒரு தனி வசதி, உற்பத்தியாளர் கூப்பன் வாங்கிக்கொள்வார்கள். காஸ்ட்கோவும் சாம்ஸும் வாங்குவதில்லை. கூப்பன் வெட்டிச் சேர்க்கும் பழக்கம் இருந்தால் பிஜேஸ் கிட்டத்தில் இருக்கிறதா பாருங்கள்.

காஸ்ட்கோ விலைச்சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. விலை 99 சென்டில் முடிந்தால் வழக்கமான விலை. 97 சென்டில் முடிந்தால் பெரும்பாலும் அந்தக் கிளை சரக்கைத் தீர்க்கக் குறைத்த விலை. சீட்டின் மேல் வலது மூலையில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்தப் பொருளை மறுபடி தருவிக்கப் போவதில்லை என்று அர்த்தம். கோஷர் வீட்டுக்கு இந்த நட்சத்திரம் முக்கியம். முத்திரை உள்ள ஒரு பிஸ்கெட்டோ சாஸோ பிள்ளைகளுக்குப் பிடித்துப்போய், நட்சத்திரமும் தெரிந்தால் அன்றைக்கே இரண்டு பெட்டி எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த முறை அந்த இடத்தில் முத்திரையில்லாத வேறு பிராண்டு உட்கார்ந்திருக்கலாம்.

இன்னொன்று. கிர்க்லாண்ட் மாதிரி கடையின் சொந்தப் பிராண்டில் ஒரே பெயர் என்பதால் ஒரே தொழிற்சாலை என்று நினைக்க வேண்டாம். போன தடவை ஓ-யூ இருந்த டப்பாவில் இந்தத் தடவை இல்லாமல் இருக்கலாம், பார்வேயாக இருந்தது பால் பொருளாக மாறியிருக்கலாம். 2012-இல் டிரேடர் ஜோஸ் கடையின் சொந்தப் பிராண்டு சாக்லேட் சிப்ஸ் அப்படித்தான் பார்வேயிலிருந்து 'டி'க்கு மாறியது. இறைச்சிச் சாப்பாட்டுக்குப் பிறகு கேக் செய்ய அதையே நம்பியிருந்த வீடுகளில் பெரிய கலக்கம். ஒவ்வொரு முறையும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.


மிடில்செக்ஸ்_மருமகள்

சரக்கு அண்ணா, விலைச்சீட்டு தம்பி, இருவருக்கும் நன்றி. எங்கள் செலவில் பாதிக்கு மேல் இறைச்சிதான். அதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். கிளைக்குக் கிளை மாறும் என்கிறார்கள், உண்மையா?


தோர்ண்ஹில்_தர்ஷினி

ஓம் அக்கா, மாறும். நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் தோர்ண்ஹில்லில் ஒரு வயதான யூதத் தம்பதியரைப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். சமையலும் கடைக்குப் போறதும் என் பொறுப்பு. இங்கே யூதக் குடும்பங்கள் கனக்க இருக்கிறபடியால் கொஸ்ட்கோவிலும் கோஷர் சாமான் கூட. கொஞ்சம் தள்ளி வேறு பக்கம் போனால் ஒன்றும் இராது. அந்தந்த ஊர்ச் சனத்தைப் பார்த்துத்தான் சரக்கு இறக்குவினம். அதனால் அட்டை எடுக்க முதல் உங்கட பகுதியில் உள்ள இரண்டு மூன்று கிளைகளை நேரே போய்ப் பாருங்கோ. கிட்டத்தில் இருக்கிறதை விட, யூதக் குடியிருப்புக்குக் கிட்ட இருக்கிற கிளைதான் உங்களுக்கு உதவும்.

இறைச்சியில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, அந்தக் கடைகளில் மலிவு என்று எல்லாரும் புகழுகிற சேர்லோயின், ரெண்டர்லோயின் எல்லாம் மாட்டின் பின்பாதி. பின்பாதியில் நீக்க வேண்டிய தொடை நரம்பும் கொழுப்பும் இருக்கிறது. அதை எடுக்கிற வேலை மிகவும் கடினம் என்பதால் வட அமெரிக்காவில் பின்பாதியைக் கோஷராக விற்பது அரிது. அது சாதாரணச் சந்தைக்குப் போய்விடும். அப்ப கோஷர் இறைச்சி என்றால் சக், பிரிஸ்கட், ரிப் போன்ற முன்பாதித் துண்டுகள்தான். அறுக்கிறவர் சம்பளம், நுரையீரல் பார்க்கிற சம்பளம், உப்புப் போட்டு ரத்தம் எடுக்கிற வேலை எல்லாம் அந்த முன்பாதி விலையில்தான் ஏறும். கடையில் பக்கத்துத் தட்டில் இருக்கிற கோஷர் இல்லாத இறைச்சியோடு விலையை ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். உங்கட கோஷர் இறைச்சிக் கடையின் அதே துண்டோடு, இறாத்தலுக்கு என்ன விலை என்று மட்டும் ஒப்பிடுங்கோ.

இரண்டாவது, பொதி. கோஷர் இறைச்சி தொழிற்சாலையில் ஒட்டின முத்திரையோடு, பிரிக்காத பொதியில் இருக்க வேண்டும். கடைக்காரர் பிரித்து வேறு தட்டில் வைத்துச் சுற்றினால், லேபிளில் கோஷர் என்று எழுதியிருந்தாலும் எங்கட வீட்டு அம்மா தொட மாட்டா. பெரிய பொதியாக வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் பிரித்து, ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவில் சுற்றி, திகதி எழுதி ஃப்ரீசரில் வைக்கிறேன்.

கோழி வாங்கினால் ஒரு வசதி தெரியுமோ? கோஷர் கோழியை அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணித்தியாலம் உப்பில் வைத்துக் கழுவித்தான் அனுப்புகிறார்கள். எங்கட குழம்புக்கு உப்பைக் குறைத்துப் போடுங்கோ, இல்லாட்டில் கரிக்கும்.


டீனெக்_வாசு

எதிர்க் கருத்து ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். என் மனைவி குடும்பமும் கோஷர்தான். எங்களுக்கு மொத்தக் கடை அவ்வளவாக ஒத்துவரவில்லை. காரணம் விலை இல்லை, பெசாக்.

பஸ்கா என்று நம் ஊர்ப் பைபிளில் வருகிற அதே பண்டிகை. எட்டு நாளைக்கு வீட்டில் ஹமெட்ஸ், அதாவது கோதுமை, பார்லி, ஓட்ஸ் முதலான தானியத்தில் புளிப்பேறியது எதுவும் இருக்கக் கூடாது. சாப்பிடாமல் இருந்தால் போதாது, வைத்திருக்கவே கூடாது. ஜனவரியில் மலிவு என்று பாஸ்தா, சீரியல், பிஸ்கெட் என்று பெட்டி பெட்டியாக அடுக்கினால் பண்டிகை வரும்போது என்ன செய்வீர்கள்? ராபி, அதாவது யூத மதகுரு, மூலமாக யூதர் அல்லாதவருக்கு விற்றுவிட்டுப் பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கும் முறை இருக்கிறது. ஆனால் மூத்தவர்கள் பலர் பாஸ்தா, ரொட்டி மாதிரி நிஜமான ஹமெட்ஸை அப்படி விற்க ஒப்புக்கொள்வதில்லை. கடைசியில் பாதிப் பெட்டி தானம், பாதி குப்பை.

பெசாக் சரக்குக்கும் மொத்தக் கடை அவ்வளவு பிரமாதம் இல்லை. நியூ ஜெர்சி, நியூ யார்க் பக்கம் பல சூப்பர் மார்க்கெட்டுகள் பண்டிகைக்கு முன்னால் குறிப்பிட்ட தொகைக்கு வாங்கினால் 5 பவுண்டு மட்ஸா (புளிப்பில்லாத ரொட்டி) இலவசமாகத் தருகின்றன. இலவசத்தைவிட மலிவாக எந்த மொத்தக் கடையும் தர முடியாது. ஊர்க் கோஷர் கடைகளும் வாராவாரம் ஒரு பொருளை அடக்க விலைக்குப் போடுவார்கள். அந்தக் கடை மூடினால் நாளைக்கு சீஸுக்கும் ஷப்பாத் ரொட்டிக்கும் எங்கே போவீர்கள் என்றும் யோசிக்க வேண்டும்.


தோர்ண்ஹில்_தர்ஷினி

வாசு அண்ணா சொல்றது சரிதான், ஆனால் அது நாள்காட்டியைப் பார்க்காமல் வாங்கினால் மட்டும் வருகிற தொல்லை. நான் செய்கிறது இதுதான். பூரிம் பண்டிகை பெசாக்குக்கு ஒரு மாதம் முன்னம் வரும். பூரிமுக்குக் கனக்க முதலே மா, பாஸ்தா, சீரியல் வாங்குறதை நிற்பாட்டி, இருக்கிறதை முடிக்கத் தொடங்கிவிடுவேன். பெசாக் முடிஞ்ச பிறகுதான் பெரிய அளவில் வாங்குவது. அப்ப வாங்குகிற மாவுக்குப் பத்துப் பதினொரு மாதத் தவணை இருக்கிறது.

அந்த நேரத்தில் மொத்தக் கடைக்கு இன்னொரு பெரிய பலன். பெசாக் நாட்களில் யூதர் ஒருவரிடம் இருந்த ஹமெட்ஸைப் பண்டிகைக்குப் பிறகும் வாங்கக் கூடாது. அதனால் எந்தக் கடையில் உடனே வாங்கலாம் என்று ஊர் ராபிமார் பட்டியல் விடுவினம். கொஸ்ட்கோ மாதிரிப் பெரிய பொதுப் பங்கு நிறுவனங்கள் வழக்கமாக அந்தப் பட்டியலில் இருக்கும். பண்டிகை முடிஞ்ச மறுநாள் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய் மாவும் பாஸ்தாவும் நிரப்பலாம்.


மிடில்செக்ஸ்_மருமகள்

தர்ஷினி, இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் என் 20 பவுண்டு அரிசி மூட்டை? துவரம் பருப்பு? மாமியார் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்), பெசாக்கில் அரிசி பருப்பைத் தொட மாட்டார்.


லெக்சிங்டன்_சரக்கு

மூட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். அரிசியும் பருப்பும் கித்னியோட், அதாவது ஹமெட்ஸ் இல்லாத தானிய, பருப்பு வகை. அஷ்கெனாசிகள் அந்த எட்டு நாளும் சாப்பிடுவதில்லை, ஆனால் வீட்டில் வைத்திருக்கத் தடை இல்லை. மூடி ஒரு பக்கம் வையுங்கள். செபார்டி (ஸ்பெயின் வழி) யூதர்களில் பலர் பெசாக்கிலும் அரிசி சாப்பிடுவார்கள், கன்சர்வேட்டிவ் பிரிவினரும் 2015-இல் அனுமதித்தார்கள். அதனால் அரிசியும் பருப்பும் வருஷத்தில் எந்த மாதத்திலும் மொத்தமாக வாங்கலாம்.

நம் வீட்டில் ஒளிந்திருக்கும் ஹமெட்ஸ் வேறொன்று. கூட்டுப் பெருங்காயம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். அந்தப் பெருங்காயம் சேர்த்த சாம்பார்ப் பொடி, ரசப் பொடிக்கும் அதே கதி. இவற்றை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சிறு டப்பாவாகவே வாங்குங்கள்.


டீனெக்_வாசு

பெருங்காய விஷயம் எனக்குப் புதிது. நாளைக்கே பார்க்கிறேன். நாள்காட்டி வைத்து வாங்கினால் சரிப்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சீஸுக்கு என் ஓட்டு கோஷர் கடைக்குத்தான்.


லெக்சிங்டன்_சரக்கு

சீஸில் உங்களோடு நானும். கெட்டிச் சீஸ் யூதக் கண்காணிப்பில் செய்ததாக இருக்க வேண்டும், மொத்தக் கடையில் அது கிடைத்தால் அதிர்ஷ்டம். சாதாரணப் பாலுக்கு அமெரிக்காவில் அரசு மேற்பார்வை போதும் என்று ராபி மோஷே ஃபைன்ஸ்டைன் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார், பெரும்பாலோர் அதை ஏற்கிறார்கள். ஹோலோவ் யிஸ்ரோயல் (யூதர் கண்காணிப்பில் கறந்த பால்) மட்டுமே குடிக்கிற வீடு என்றால் பாலும் கோஷர் கடையில்தான்.


மிடில்செக்ஸ்_மருமகள்

நாங்கள் சாதாரணப் பால் குடிக்கிறவர்கள். மீன் எப்படி?


விலைச்சீட்டு

சால்மன் வாங்குங்கள், அங்கே அதுதான் நல்ல பேரம். மீனுக்குத் துடுப்பும் செதிலும் இருக்க வேண்டும், தோலில் செதில் தெரிந்தால்தான் நம்பலாம். தோல் உரித்த திலாப்பியா, காட் எல்லாம் முத்திரை இல்லாமல் ஆகாது. சால்மனுக்கு மட்டும் அந்தச் சதையின் நிறமே அடையாளம் என்று பல ராபிகள் அனுமதிக்கிறார்கள். என்னிடம் கேட்கிற யூத வாடிக்கையாளர்கள் பலர் தோலோடு இருக்கும் பக்கத்தையே எடுப்பார்கள், வீட்டில் கழுவி, வெட்டின ஓரத்தைச் சீவிவிட்டுச் சமைப்பார்களாம். கத்தியில் வேறு மீன் பட்டிருக்கும் என்பதற்காக. உங்கள் ராபியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தேதி சொல்லிவிடுகிறேன். 2026 ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு) செப்டம்பர் 11 வெள்ளி மாலை தொடங்குகிறது. அந்த வாரத் திங்கள், 7-ஆம் தேதி, லேபர் டே, காஸ்ட்கோ மூடியிருக்கும். சனிக்கிழமை நீங்கள் வர மாட்டீர்கள். அதனால் உங்களைப் போன்றவர்கள் எல்லாரும் 6-ஆம் தேதி ஞாயிறு ஒன்றாக வந்து நிற்பார்கள். பிரிஸ்கட் அதற்குள் தீர்ந்துவிடும். ஆகஸ்டிலேயே வாங்கி உறைய வைத்துவிடுங்கள். அலுமினியத் தட்டு, ஃபாயில், நாப்கின், காகிதத் தட்டு எல்லாவற்றையும் கூட அப்போதே. பண்டிகை மாதத்துக்கு இவைதான் உங்கள் வண்டியில் பெரிய பங்கு.


மிடில்செக்ஸ்_மருமகள்

சரி, முடிவு செய்துவிட்டோம். சாதாரண அட்டைதான். முதல் வண்டியில் முட்டை, சர்க்கரை, பாதாம், சால்மன், தட்டுகள், ஃபாயில். இறைச்சியை இரண்டு கிளையிலும் எங்கள் கடையிலும் பவுண்டு விலை எழுதி வைத்துப் பார்க்கப் போகிறேன், மாமியார் நோட்டுப் போட்டுவிட்டார். சீஸும் ரொட்டியும் பழைய கடையிலேயே.

கடைசியாக ஒன்று. அங்கே ஸ்டீல் குக்கர் ஒன்று நல்ல விலையில் இருக்கிறது. இறைச்சிக்கு எடுக்கலாமா?


தோர்ண்ஹில்_தர்ஷினி

எடுங்கோ அக்கா. புது உலோகப் பாத்திரம், கண்ணாடிப் பாத்திரம் இரண்டையும் பாவிக்க முதல் மிக்வேயில் (சடங்குக்கான தண்ணீர்த் தொட்டியில்) முக்க வேண்டும், அது உங்களுக்குத் தெரியும். பாத்திரத்துக்கென்றே தனி மிக்வே கனக்க ஊரில் இருக்கிறது. போக முதல் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை வடிவாக உரித்து, மிஞ்சின பசையை எண்ணெய் தடவித் தேய்த்து எடுங்கோ. பசை இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் படாது. குக்கர் என்றபடியால் மூடியில் இருக்கிற ரப்பர் வளையத்தையும் விசிலையும் கழற்றி, ஒவ்வொன்றாக முக்குங்கோ.